பேர் வெட்டாத ரீல்

எங்கள் டீம் லீடின் பிரிவுபசாரத்துக்காக அலுவலகத்தில் ஓர் உறை மேசை மேசையாகச் சுற்றிவந்தது. எண்ணிப் பார்த்ததில் 140 பவுண்டு தேறியது. பரிசு வாங்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். சனிக்கிழமைகளில் அவரோடு மீன் பிடிக்கப் போகிறவன் நான் என்பது வெளிப்படையான காரணம். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்கு முந்தைய ஏழு மாதங்களாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து ‘கேடி’ எடுத்தவனும் நான்தான். ஐடிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். ஒருவர் தலையில் இருப்பதை இன்னொருவர் தலைக்கு மாற்றுவது. மாற்றி முடித்த பிறகு முதல் தலை தேவைப்படாது. அவர் இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்ட பில்லிங் மென்பொருள், என் வழியாகச் சென்னையில் இருக்கும் ஒரு குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசி ஆவணத்தை நான் பதிவேற்றிய மாதமே அவருக்குக் கடிதம் வந்துவிட்டது.

ஆக, பரிசு சும்மா ஒரு பரிசாக இருக்க முடியாது என்று எனக்கு ஒரு உறுத்தல். என்ன வாங்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. நியூகாசிலுக்கு வடக்கே ராத்பரியைத் தொட்டுக்கொண்டு காக்கெட் என்றொரு ஆறு ஓடுகிறது. தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்தில் இருக்கும். அங்கேதான் எனக்கு ஃபிளை வீசக் கற்றுக்கொடுத்தார். அவர் கையில் இருப்பது அவருடைய அப்பாவின் மூங்கில் கழி. ஆறு முக்கோணப் பட்டைகளாகச் சீவி, அறுகோணமாக ஒட்டி, மெருகேற்றியது. அதோடு இருந்த ரீல், அப்பா போனபின் வீட்டைக் காலி செய்தபோது யாரிடமோ போய்விட்டது. அந்தக் கழியில் அவர் கறுப்பு பிளாஸ்டிக் ரீல் ஒன்றை மாட்டியிருந்தார். பட்டுப் புடவைக்கு ரப்பர் செருப்பு மாதிரி.

பழைய பாணி, கைவேலை, 140 பவுண்டுக்குள். மூன்று நிபந்தனைகள். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் நான் படித்ததும் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் இந்தக் கருவி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழும். ஃபிளையில் இது தலைகீழ். முள்ளில் கட்டியிருப்பது கொஞ்சம் இறகு, கொஞ்சம் நூல். ஒரு பூச்சி மாதிரி தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கனமே கிடையாது. கனம் கயிற்றில் இருக்கிறது. சாட்டையைப் போலக் கயிற்றை முன்னும் பின்னும் காற்றில் வீசி, அந்த வேகத்தில் பூச்சியைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். இப்படி வீசும்போது ரீலுக்கு வேலையே இல்லை. கயிற்றை இடது கையால் உருவி விட்டுக்கொள்கிறோம். சிறிய மீன் மாட்டினாலும் கையாலேயே இழுத்துவிடலாம். பெரிய மீன் ஒன்று மாட்டிக்கொண்டு ஆற்றோடு ஓடும்போதுதான் ரீல் விழித்துக்கொள்கிறது. மற்ற நேரமெல்லாம் அது கயிறு சுற்றிவைக்கும் டப்பா.

இவ்வளவு எளிய வேலைக்கு இவ்வளவு அழகு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. எஸ் வடிவக் கைப்பிடி, பக்கத் தகட்டில் பூப்போல அடுக்கிய துளைகள், தந்தம் மாதிரி மஞ்சள் பூத்த குமிழ். விக்டோரியா காலத்து ஆசாமிகளின் ஆடம்பரம் என்றே முடிவு கட்டியிருந்தேன். அது தப்பு. கிட்டத்தட்ட ஒவ்வொரு ‘அழகுக்கும்’ பின்னால் ஒரு பிரச்சினை இருந்திருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், ஒவ்வொன்றும் ஒரு பக் ஃபிக்ஸ்.

ரீலுக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய படச்சான்று சீனாவில் இருக்கிறது. தெற்குச் சோங் காலத்து ஓவியர் மா யுவான், 1195 வாக்கில் வரைந்தது. ஒரு பெரிய வெற்றுப் பட்டுப் பரப்பு. நடுவில் ஒரு சிறு படகு. அதில் குனிந்து உட்கார்ந்த ஒரு மனிதர். அவர் கழியில் சின்னதாக ஒரு சக்கரம் தெரிகிறது. ஓவியம் இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில். இங்கிலாந்தில் ரீல் அச்சில் ஏறுவதற்கு அதன்பின் நானூற்றைம்பது வருடம் ஆகிறது: தாமஸ் பார்க்கர் என்பவர் 1651-ல் எழுதிய தூண்டில் நூலில், கழியில் துளையிட்டுப் பொருத்தும் ஒரு சுற்றும் கருவியைப் பற்றிச் சொல்கிறார். இரண்டு வருடம் கழித்து வந்த ஐசக் வால்டனின் புகழ்பெற்ற புத்தகத்திலும், சால்மன் பிடிப்பவர்கள் வைத்திருக்கும் ‘சக்கரம்’ வருகிறது.

அதன்பின் நீண்ட காலத்துக்குப் பித்தளைதான். கனம் அதிகம். கைப்பிடி ஒரு வளைந்த இரும்புக் கோலில் துருத்திக்கொண்டு நிற்கும். மீன் ஓடும்போது தளர்ந்த கயிறு அந்தக் கோலில் போய்ச் சிக்கும். சிக்கினால் கயிறு அறும், மீன் போகும். இதற்குக் கண்டுபிடித்த வழி: கோலையே எடுத்துவிட்டு, சுழலும் தகட்டின் மேலேயே குமிழைப் பொருத்துவது. இன்று நாம் ‘பழைய பாணி’ என்று சொல்லும் முகத்தின் முதல் அடையாளம் அது.

அடுத்தது துளைகள். 1950-களில் பிளாஸ்டிக் பூசிய கயிறு வரும்வரை ஃபிளை கயிறு என்றால் எண்ணெய் ஊட்டிய பட்டு. ஈரத்தோடு சுற்றிவைத்தால் மக்கிவிடும். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து, கயிறு முழுக்க உருவி, நிழலில் காயப்போட வேண்டும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து மான்செஸ்டரில் கடை வைத்திருந்த சார்லஸ் ஆர்விஸ், 1874-ல் ஒரு ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். பக்கத் தகடுகள் முழுக்கத் துளைகள். காற்று உள்ளே போகும், கயிறு சீக்கிரம் காயும், உலோகமும் மிச்சம், கனமும் குறைவு. கூடவே இன்னொரு நுட்பம்: ரீலை ஒடுக்கமாகவும் விட்டம் பெரிதாகவும் செய்தார். ஒரு சுற்றுக்கு அதிக நீளக் கயிறு உள்ளே வரும். பல்சக்கரம் வைத்து வேகம் கூட்ட வேண்டிய தேவை போயிற்று. இன்று கடையில் தொங்கும் எந்த ஃபிளை ரீலைப் பார்த்தாலும், அடிப்படை உருவம் அந்த 1874 உருவம்தான். அவர் அதை வால்நட் மரப்பெட்டியில் வைத்து விற்றார் என்பது மட்டும்தான் இதில் ஆடம்பரம்.

நியூயார்க்கில் எட்வர்ட் வாம் ஹோஃப் செய்த ரீல்களின் பக்கத் தகடு கறுப்பு எபோனைட். அதாவது கந்தகம் சேர்த்துக் காய்ச்சி இறுக்கிய ரப்பர். விளிம்பில் ஜெர்மன் சில்வர் வளையம். பெயரில் மட்டும்தான் வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. கறுப்பில் வெள்ளைப் பட்டை, பார்க்கக் கல்யாண வீட்டுக் கோட்டு மாதிரி இருக்கும். ஆனால் எபோனைட்டை எடுத்ததற்குக் காரணம் அது பித்தளையைவிட லேசு, துருப்பிடிக்காது என்பது. எஸ் வடிவக் கைப்பிடியும் அப்படித்தான்: ஒரு முனையில் குமிழ், எதிர்முனையில் அதற்குச் சமமான எடை. வேகமாகச் சுழலும்போது ரீல் ஆடாது.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் பில்லிங் மென்பொருள் ஞாபகம் வந்தது. அதில் ஆங்காங்கே விசித்திரமான வரிகள் உண்டு. பிப்ரவரி 29-ஐ மட்டும் தனியாகப் பார்க்கும் ஒரு வரி. ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளர் வகைக்கு மட்டும் பைசாவை மேல்நோக்கி முழுமையாக்கும் ஒரு வரி. கேடியின்போது நான் ஒவ்வொன்றையும் காட்டி, “இது எதற்கு?” என்பேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, “அது ஒரு கதை” என்று ஆரம்பிப்பார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டதாக நினைத்தேன்.

*

ஆல்னிக் என்று எழுதி ஆனிக் என்று உச்சரிக்கும் ஊர், நியூகாசிலில் இருந்து பேருந்தில் போகிற தூரம். கோட்டையைப் பார்க்கக் கூட்டம் வரும். ஹாரி பாட்டர் படத்தில் வந்த கோட்டை. பழைய ரயில் நிலையத்துக்குள் பெரிய பழம்புத்தகக் கடை ஒன்று இருக்கிறது, அதில் பாதி நாள் போய்விடும். நான் போனது ஹார்டிக்காக.

1872-ல் வில்லியம் ஹார்டி இந்த ஊரில் துப்பாக்கியும் இரும்புச் சாமானும் விற்கும் கடையைத் திறந்தார். பிறகு தம்பி ஜான் ஜேம்ஸ் சேர்ந்துகொண்டார். மூங்கில் கழியில் பேர் வாங்கிவிட்டு ரீலுக்கு வந்தார்கள். துப்பாக்கி வேலை தெரிந்த கைகள் ரீலுக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. இரண்டிலும் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் முடியளவு இடைவெளி விட்டு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த வட்டாரத்தில் இயந்திரமும் தூண்டிலும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். நியூகாசிலின் பெரிய தொழிலதிபர் ஆர்ம்ஸ்ட்ராங், 1830-களில் டென்டேல் பள்ளத்தாக்கில் தூண்டிலோடு நின்றபோது எதிரே ஒரு நீர்ச்சக்கரம் தண்ணீரின் பலத்தைப் பெருமளவு வீணடிப்பதைப் பார்த்தாராம். அங்கிருந்துதான் அவருடைய ஹைட்ராலிக் கிரேன் தொடங்குகிறது. அன்றைக்கு மீன் கிடைத்ததா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

ஹார்டியின் பெர்ஃபெக்ட் என்ற ரீலுக்கு 1888-ல் காப்புரிமை; 1891-ல் விற்பனைக்கு வந்தது. அதில் புதுமை, ஸ்பூல் எஃகுக் குண்டுகளின் மேல் ஓடியது. பால் பேரிங். இன்று நாம் உட்கார்ந்து ஓட்டும் வடிவத்து சைக்கிள் 1885-ல்தான் இங்கிலாந்தில் வருகிறது. சைக்கிளோடு சேர்ந்து பால் பேரிங்கும் நாடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்தக் காலத்தின் ஆகப் புதிய தொழில்நுட்பம் அது. நாம் இன்று ‘கிளாசிக்’ என்று பெருமூச்சு விடும் ரீல், பிறந்தபோது லேட்டஸ்ட் மாடல்.

உள்ளே திறந்து பார்த்தால் இன்னும் சில பாகங்கள். ஸ்பூலின் முதுகில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதன் பல்லில் உரசிக்கொண்டு முக்கோணமாக ஒரு நாக்கு. நாக்கை அழுத்திப் பிடிக்க ஒரு வில். ஸ்பூல் சுற்றும்போது நாக்கு பல்லுக்குப் பல் தாவும், க்ளிக் க்ளிக் என்று சத்தம் வரும். வில்லை இறுக்கினால் சுற்றுவது கடினமாகும். இது சத்தத்துக்காக வைத்ததல்ல. மீன் வேகமாக இழுத்துக்கொண்டு ஓடி, சட்டென்று நின்றுவிட்டது என்று வையுங்கள். கயிறு நிற்கும், ஸ்பூல் நிற்காது. அது தன் வேகத்தில் சுற்றிக்கொண்டே போய், கயிற்றை உள்ளுக்குள் இடியாப்பமாக்கிவிடும். அந்த நாக்கு அதைத் தடுக்கிறது. பெரிய மீன் ஓடும்போது க்ளிக்குகள் ஒன்றோடொன்று இழைந்து ஒரு நீண்ட அலறலாகக் கேட்கும். தூண்டில்காரர்கள் அந்தச் சத்தத்துக்கு அடிமை. எங்கள் டீம் லீட் அப்பாவைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தைச் சொன்னதில்லை, அந்த ரீலின் சத்தத்தைத்தான் சொல்லுவார்.

ஹார்டியின் கடையில் புது பெர்ஃபெக்ட் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். விலைச்சீட்டைப் பார்த்தேன். எங்கள் உறையின் சில மடங்கு. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அந்தத் தொழிற்சாலையும் நிறையப் பார்த்துவிட்டது. பெர்ஃபெக்ட் 1960-களில் நின்றுபோய் பிறகு மீண்டும் வந்தது. 2000-களில் ஹார்டி ரீல்கள் பலவும் கொரியாவில் செய்யப்பட்டன. சில மாடல்கள் பின்னால் ஆல்னிக்குக்கே திரும்பின. 2013-ல் நிறுவனம் ஓர் அமெரிக்கக் குழுமத்தின் கைக்குப் போயிற்று. கேடி எங்கள் தொழிலில் மட்டும் நடப்பதில்லை.

அருங்காட்சியகப் பெட்டியில் பழைய ரீல்கள் வரிசையாக இருந்தன. என்னை நிறுத்தியது பிரபுக்களுக்குச் செய்ததல்ல. சேகரிப்பாளர்கள் சொல்லும் ஒரு விஷயம்: பழைய ஹார்டி ரீல்கள் பலவற்றின் உட்புறத்தில், ஸ்பூலைக் கழற்றினால்தான் தெரியும் இடத்தில், இரண்டு எழுத்துகள் குத்தியிருக்கும். அதைப் பொருத்தி முடித்த தொழிலாளியின் முதலெழுத்துகள். வெளியே பெரிய எழுத்தில் முதலாளி பெயர்; உள்ளே சின்ன எழுத்தில் செய்தவன் பெயர். நம் வீடுகளில் பாத்திரத்தில் பேர் வெட்டுவோமே, அதில் வாங்கியவர் பேர் இருக்கும், கொடுத்தவர் பேர் இருக்கும், தேதி இருக்கும். அடித்த கன்னார் பேர் இருந்து நான் பார்த்ததில்லை.

இந்த முதலெழுத்துக்காரர்களில் ஒருவர் டிங்லி. ஹார்டியில் ரீல் செய்துகொண்டிருந்தவர், முதல் உலகப் போருக்குச் சில வருடம் முன்னால் வெளியே வந்து, அதே ஊரில் தனியாகப் பட்டறை போட்டார். அதே கை, அதே பழக்கம். ஆனால் அவர் தன் பேரில் பெரிதாக விற்கவில்லை. ஊர் ஊராக இருந்த தூண்டில் கடைகளுக்குச் செய்துகொடுத்தார்; கடைக்காரர்கள் தங்கள் பேரைப் பொறித்துக்கொண்டார்கள். அவருடையது என்று காட்ட உள்ளே எங்கேயாவது ‘டி’ என்று ஓர் எழுத்து இருக்கலாம். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே கதை நடந்தது: வாம் ஹோஃப் பட்டறையில் வேலை பார்த்த ஆட்டோ ஸ்வார்க், பிற்பாடு ஃபுளோரிடாவில் தன் பேரில் ரீல் செய்தார்.

இங்கிலாந்தின் மையத்தில் ரெடிச் என்றொரு ஊர். நூற்றாண்டுகளாகத் தையல் ஊசி செய்த ஊர். ஊசியை வளைத்தால் தூண்டில் முள் என்பதால் அதற்கும் போனார்கள், முள்ளிலிருந்து ரீலுக்கு. ஆல்காக், யங் என்ற பேர்கள் எல்லாம் அங்கேதான். யங் பட்டறையிலிருந்தும் பேரில்லாமல் கடைகளுக்கு நிறையப் போயிருக்கிறது. இங்கிலாந்துத் தொழில் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தது இப்படி ஒரு தொழிலின் மேல் இன்னொரு தொழில் தொற்றி ஏறுவதுதான். நாட்டிங்காமில் லேஸ் பின்னல் ஓங்கியிருந்த அதே காலத்தில் மரத்தில் கடைந்த ரீல்கள் அங்கே பேர் பெற்றன. பிராட்ஃபோர்டு நூற்பாலை முதலாளி இல்லிங்வொர்த், ஆலைக் கதிரில் நூல் ஓடுவதைப் பார்த்து, ஸ்பூல் சுற்றாமல் அப்படியே நிற்க அதன் முனையிலிருந்து கயிறு உருவி வரும் ரீலுக்கு 1905-ல் காப்புரிமை வாங்கினார். அது ஃபிளைக்கு ஆகாது. ஆனால் இன்று மெரினாவில் ரீல் கழியோடு நிற்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் அதன் பேரன்தான். கோயம்புத்தூர்க்காரனான எனக்கு இதில் ஒரு சொந்தக்காரப் பாசம்.

ஆல்னிக்கிலிருந்து திரும்பும் பேருந்தில் ஒன்று தெளிவாயிற்று. ‘கைவேலை’ என்று போட்டு இன்று விற்பவற்றில் விலையின் பெரும்பகுதி பேருக்கு. அமெரிக்காவில் ஸ்டான் போக்டன் என்ற இயந்திரத் தொழிலாளி நியூ ஹாம்ப்ஷயரில் செய்த ரீலுக்கு ஆட்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் 2011-ல் இறந்த பிறகு அது நகை மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு முனையில், ஒஹாயோவின் ஏக்ரன் நகரத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்த ஃபுளூகர் மெடலிஸ்ட், நல்ல ரீல், மலிவு, ஆனால் கைவேலை அல்ல. எனக்கு வேண்டியது நடுவில் இருக்கிறது. டிங்லி போன்றவர்களின் காலத்தில், பேர் தெரியாத ஒரு பட்டறையில், ஒரு கை உட்கார்ந்து பொருத்தியது. பேர் இல்லாததால் விலையும் இல்லாதது.

*

அது ஒரு கிராமத்து ஏலத்தில், உடைந்த குடைகளும் பித்தளை மணிகளும் இருந்த ஒரு தட்டில் கிடந்தது. மூன்றே கால் அங்குலம். அலுமினியக் கலவை உடம்பு, பித்தளைப் பாதம், மஞ்சளேறிய குமிழ். வெளியே ஏதோ ஒரு கடைப்பேர், பாதி தேய்ந்தது. பாதத்தின் இரண்டு முனைகளையும் யாரோ தன் கழிக்குப் பொருந்துவதற்காக அரத்தால் சீவியிருந்தார்கள். சேகரிப்பாளர்கள் இதைப் பெரிய குறையாக நினைப்பார்கள். சுற்றினால் சத்தமே இல்லை, நாக்கின் வில் உடைந்திருந்தது. உள்ளே முதலெழுத்து எதுவுமில்லை. என்னோடு போட்டி போட ஒரே ஒருவர் இருந்தார். அவரும் குடைக்காக வந்தவர். கமிஷனோடு சேர்த்து 58 பவுண்டு.

பழுது பார்க்கக் கேட்ட இடத்தில் இன்னும் ஒரு 90 ஆகும், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பிரிவுபசாரத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. நடுவில் எனக்குப் பத்து நாள் ஊருக்குப் போக விடுப்பு. ரீலைக் காலுறையில் சுற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

என் அப்பா டர்னர். கணபதியில் பம்புக்குப் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் முப்பத்தெட்டு வருடம் லேத்தில் நின்றவர். இப்போது வேலைக்குப் போவதில்லை. ஆனாலும் தினமும் காலையில் சிநேகிதர் பட்டறைக்குப் போய் டீ குடித்துவிட்டு வராவிட்டால் அவருக்கு நாள் நகராது. ரீலைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் கழற்றினார். ஸ்பூலை அச்சில் வைத்து ஒரு சுண்டு சுண்டினார். அது பாட்டுக்குச் சுற்றியது. நிற்கிற வரைக்கும் பார்த்தார்.

“கெணத்து ராட்டினத்துக்கு நாக்கு வெச்ச மாதிரி இருக்குது. எத்தன வருசத்துது?”

“நூறு இருக்கும்னு சொல்றாங்கப்பா.”

“ஆட்டமே இல்ல பாரு.” பிறகு ரீலைச் சாய்த்து, உடம்பின் உள்விளிம்பில் ஒரு இடத்தைக் காட்டினார். நான் நாலு மாதமாகப் பார்க்காத ஒன்று. சின்னதாக 7 என்று குத்தியிருந்தது. ஸ்பூலின் முதுகைத் திருப்பினார். அங்கேயும் 7. “ரெண்டும் ஜோடி. இந்த உடம்புக்கு இந்த ஸ்பூலுதான். வேற ஒண்ண எடுத்துப் போட்டா உரசும், இல்லாட்டி ஆடும். கையில வெச்சு வெச்சுப் பாத்துத் தேச்சுச் சேர்த்திருக்கான். மெசின்ல அடிச்சதுன்னா நம்பரு எதுக்கு?”

கைவேலை என்றால் என்ன என்று அந்த நான்கு மாதத்தில் நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக இல்லை. ஒரே அளவில் ஆயிரம் செய்தால் எந்த உடம்பிலும் எந்த ஸ்பூலும் போகும். அது இயந்திரத்தின் வெற்றி. இங்கே ஒவ்வொன்றும் தன் ஜோடிக்கு மட்டுமே பொருந்தும். அதனால்தான் விலை, அதனால்தான் இந்த முறை ஒழிந்தது.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு சாவிக் கடிகாரம் ஓடாமல் கிடந்தது. அதன் சுருள்வில்லிலிருந்து ஒரு துண்டை அப்பா வெட்டினார். பட்டறையில் முனையை மட்டும் பழுக்கக் காய்ச்சி, இளக்கி, துளை போட்டு வளைத்தார். நாக்கும் தேய்ந்திருந்தது, எஃகுத் துண்டு ஒன்றை அரத்தில் ராவி, புதிதாக ஒன்று செய்தார். நான் இன்ஜினியரிங் படித்தவன் அல்லவா, அதைக் காய்ச்சி எண்ணெயில் போட்டுக் கெட்டிப்படுத்தப் போகிறார் என்று பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தேன். போடவில்லை.

“கெட்டியாக்க வேண்டாங்களாப்பா?”

“நாக்கு கெட்டியா இருந்தா சக்கரம் தேயும். சக்கரம் தேஞ்சா எவன் செய்வான்? நாக்குதான் தேயோணும் கண்ணு. தேஞ்சா மாத்திக்கலாம்.”

காலை டீயில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. எவ்வளவு ஆகும் என்று வெளியாளாக நினைத்துக் கேட்டேன். விரலால் மேசையில் ஏதோ கணக்குப் போட்டு, “அரை நாள் கூலி” என்றார். அந்தத் தொகைக்கு நியூகாசிலில் ஒரு காபியும் ஒரு பன்னும் வரும். நான் கேடி எடுத்த ஏழு மாதத்தில், எனக்கும் டீம் லீடுக்கும் என் சென்னை நண்பர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று யாரோ ஒருவர் போட்டிருந்த கணக்கு எனக்குத் தெரியும். அந்தக் கோப்பு தவறுதலாக ஒருமுறை என் மின்னஞ்சலுக்கு வந்தது. அதைப் பற்றி அப்பாவிடம் பேசவில்லை.

கிளம்பும் முன், உள்ளே அவர் எழுத்தைக் குத்தித் தரச் சொன்னேன். பட்டறையில் எழுத்துப் பஞ்ச் இருந்தது. ஆல்னிக்கில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று விளக்கினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “செஞ்சவன் பேரே இல்ல. ரிப்பேர் பாத்தவன் பேரு எதுக்கு?” என்று காலுறையை எடுத்து ரீலை அவரே சுற்றிக் கொடுத்தார்.

*

கடைசி நாளன்று கேக் வெட்டினார்கள். மேலாளர் இரண்டு நிமிடம் பேசினார். டீம் லீட் உறையைப் பிரித்து, ரீலை வெளியே எடுத்து, முதலில் காதுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சுற்றினார். க்ளிக் க்ளிக் என்றது. இன்னும் ஒருமுறை சுற்றினார். பிறகு, இதில் பழக்கப்பட்டவர்கள் எல்லோரும் செய்வதைப்போலத் தாழைத் தள்ளி ஸ்பூலைக் கழற்றி உள்ளே பார்த்தார். நூறு வருடத்து அழுக்குக்கு நடுவில் வில் மட்டும் நீலமாக மின்னியது.

“இது யார்?”

“எங்கள் அப்பா.”

“எவ்வளவு நாள் எடுத்தார்?”

“அரை நாள்.”

“நமக்கு ஏழு மாதம்,” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கேக்கைப் பார்த்தார்கள்.

மீதியிருந்த பணத்தில் அவருக்கு ஒரு பட்டுக் கயிறும் வாங்கியிருந்தோம். ஒவ்வொரு முறையும் உருவிக் காயப்போட வேண்டிய ரகம். இனி அதற்கு நேரம் இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை காக்கெட்டில் காலையெல்லாம் ஒன்றும் கடிக்கவில்லை. பதினொரு மணிக்கு மேல் அவருக்கு ஒரு சின்ன டிரவுட் மாட்டியது. உள்ளங்கை நீளம். கயிற்றைக் கையாலேயே இழுத்திருக்கலாம். வேண்டுமென்றே ரீலுக்கு விட்டார். நாலைந்து க்ளிக். அதற்குமேல் இழுக்க அந்த மீனிடம் பலமில்லை. முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டு, சத்தம் அப்பாவுடையதைவிடக் கொஞ்சம் கட்டை என்றார்.

அப்போது என் ஃபோனுக்குச் சென்னையிலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. பில்லிங்கில் ஒரு வரி, எதற்கு இருக்கிறது என்று புரியவில்லை, எடுத்துவிடலாமா என்று. என் குறிப்புகளில் அது இல்லை. நான் அவரிடம் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

“எடுக்கச் சொல்லாதே. அது ஒரு கதை,” என்றார்.

கரையில் உட்கார இடம் பார்த்தோம்.